தலையிலா போடுவது?

"கலன் வந்ததிலிருந்து எனக்குச் சாணி கிடைக்கறதில்ல" என்ற அந்த அக்காவிடம் நான் சொன்னது கணக்குப்படி சரிதான். சாண எரிவாயுக் கலனில் கொட்டுகிற சாணி எங்கேயும் காணாமல் போவதில்லை. வாயு பிரிந்ததும் கரைசலாக வெளியே வந்துவிடும், தழைச்சத்தும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும், நல்ல உரம். "அதைக் கேட்டு வாங்கிக்கலாமே அக்கா" என்றேன்.

"எனக்கு நிலமா இருக்கு தம்பி? வாங்கி எங்க போடறது, தலையிலயா?"

கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விழுப்புரம் பக்கம் கட்டிக்கொடுத்த கலன்கள் ஓடுகின்றனவா என்று பார்த்து, சைதாப்பேட்டை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. அன்று பார்த்த கலன் நன்றாகவே ஓடியது. 2 கனமீட்டர் கலன். தினம் சுமார் 50 கிலோ சாணி, அதே அளவு தண்ணீர். அந்த வீட்டம்மா தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கரைத்தார். வைக்கோல் உள்ளே போனால் மேலே ஏடு கட்டிக்கொள்ளும், வாயு ஒழுங்காக வராது. அப்புறம் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார். நீலமாக எரிந்தது. குழம்புச் சட்டியைத் தூக்கி அடியைத் தடவி, கையைக் காட்டினார். விரலில் கரி இல்லை. அவ்வளவு பெருமை அவர் முகத்தில்.

அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையைத்தான் அந்த அக்கா முன்பு காலையில் கூட்டிக்கொண்டிருந்தார். கூலி கிடையாது, சாணிதான் கூலி. வறட்டி தட்டித் தன் அடுப்புக்குப் போக மீதியை விற்பார். கலன் வந்ததும் அது நின்றுபோனது.

இதில் யாரைக் குறை சொல்வது? மாட்டுக்காரர் ஒன்றும் பண்ணையார் இல்லை, சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். சாணி அவருடையது. வறட்டிப் புகையும் உடம்புக்கு ஆகாது. அது நின்றால் நல்லது என்றுதான் எங்கள் பயிற்சிகளில் நானே பேசியிருக்கிறேன். ஆனால் அக்காவின் வீட்டில் அதற்குப் பதில் என்ன எரியும்? 2006 தேர்தலுக்கு அப்புறம் அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பு இருக்கிறது. சிலிண்டர் நிரப்பக் காசு வேண்டுமே. "விருந்தாளி வந்தா பத்தவைப்பேன்" என்றார்.

1981-82இல் சாண எரிவாயுக்கான தேசியத் திட்டம் தொடங்கியதிலிருந்து மானியம் உண்டு. 1984இல் வந்த தீனபந்து என்ற மாதிரிக் கலனில், வாயுவைப் பிடித்துவைக்கும் இரும்பு டிரம் கிடையாது, கட்டுமானச் செலவும் குறைந்தது. மாட்டுக் கணக்கு மட்டும் குறையவில்லை. 1 கனமீட்டர் கலனுக்கே 25 கிலோ சாணி வேண்டும், அதாவது இரண்டு மூன்று மாடு. வறுமை ஒழிப்பு என்று முகப்பில் போட்டுக்கொள்கிற எங்கள் அறிக்கை, மாடு இருக்கிற வீட்டு வாசலில்தான் ஆரம்பிக்கிறது.

இதை எழுதினேன். மேலாளர், "கலன் இல்லாத வீடு நம்ம சாம்பிளிலேயே இல்லையே, அதைப் பத்தி எப்படி எழுத முடியும்?" என்றார். முறைப்படி அவர் சொன்னதும் சரி. நான் எழுதிய பத்தி, "சாணி கிடைப்பதில் உள்ளூர் மாற்றங்கள் மேலும் ஆராயத்தக்கவை" என்று ஒரு வரியாகச் சுருங்கியது. அந்த வரியாவது நின்றதே என்று சில நாள் தோன்றும். வேறு சில நாள், அப்படி ஒரு வரி இல்லாமலே இருந்திருக்கலாம் என்று எரிச்சல் வரும்.

அடுத்த கட்ட விண்ணப்பப் படிவத்தைத் தயாரித்தது நான்தான். 'இதுவரை உங்கள் வீட்டுச் சாணியை யார் எடுத்துக்கொண்டிருந்தார்கள்?' என்று ஒரு கேள்வி சேர்த்தேன்.

"வேற ஆள்னு பதில் வந்தா? கலன் கிடையாதுன்னு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார் மேலாளர்.

சட்டியின் அடியைத் தடவிக் காட்டிய அந்த அம்மாவிடம் போய் அப்படி எப்படிச் சொல்வது? "மாட்டேன் சார்" என்றேன்.

"அப்புறம் எதுக்கு அந்தக் கேள்வி?"

என்னிடம் பதில் இல்லை. கேள்வியை மட்டும் எடுக்கவில்லை.