குளம் மூடினால் என்ன, சிலைகள் வரட்டும்

பழைய பொது நீச்சல் குளம் ஓட்டை உடைசலானால் இடித்துத் தள்ளுவதுதான் வழக்கம். பிரான்சின் ரூபே ஊர்க்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. நெசவாலைகள் நிறைந்த ஊர் அது. வீட்டில் குளிக்க வசதியில்லாத தொழிலாளர்களுக்கும் சேர்த்து, ஆல்பெர் பேர்ட் வடிவமைத்த குளம் 1932-ல் திறந்தது. கூரை பலவீனமாகி 1985-ல் மூடினார்கள். 2001-ல் 'லா பிசீன்' அருங்காட்சியகமாக மறுபடி திறந்தார்கள்.

தண்ணீரை முழுசாக வெளியேற்றாமல் விட்டதுதான் எனக்குப் பிடித்தது. நடுவில் நீளமாக ஒரு கீற்று நீர், இரு கரையிலும் சிலைகள். சூரியன் வடிவ வண்ணக் கண்ணாடி சன்னல் அப்படியே நீரில் தெரியும். அப்புறம், அவ்வப்போது ஒலிபெருக்கியில் பிள்ளைகள் குளத்தில் கும்மாளமிடும் சத்தம் வேறு! அது கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.