அடைக்கோழியும் அட்டைப்பெட்டியும்

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு மேல்மாடி வீட்டை மூன்று பேர் சேர்ந்து எடுத்தோம். நான், ஒரு திருக்கோவில்காரி, ஒரு வாழைச்சேனைக்காரி. வாடகை 30,000, ஆளுக்குப் 10,000. ஒக்டோபர் 1ஆம் திகதி குடிபுகுவதென்று பேச்சு. வீட்டுக்கார அன்ரி ஆளுக்கொரு திறப்புத் தந்தா. பழைய காலத்துக் கதவு. என் நடுவிரல் நீளத்துக்கு இரும்புத் திறப்பு, கையில் எடுத்தால் கோயில் திறப்பு மாதிரிக் கனம். அது கைக்கு வந்ததும் பாதி வீடு மாறிவிட்ட மாதிரி இருந்தது. மீதிப் பாதிதான் ஐந்து கிழமை இழுத்தது.

ஏன் வீடு மாற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: என் ஊர் மண்டூர். வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம் இருப்பதால் அது படுவான்கரை. வேலையோ பொழுது எழும்புகிற எழுவான்கரையில். காலையில் பாதை ஏறிக் குருமண்வெளியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பாதை என்றால் வெளியூர் ஆட்கள் றோட்டு என்று நினைப்பார்கள். எங்களுக்குப் பாதை என்பது ஆளையும் மோட்டர்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியில் மிதந்து வருகிற சாமான். மண்முனைக்காரருக்கு 2014இல் பாலம் வந்துவிட்டது. எங்களுக்குப் பாதை போனால் போனதுதான், அடுத்தது வரும்வரை அக்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் பிந்திப் போனேன். மேலதிகாரி காரணம் கேட்டார்.

"பாதை வரல்ல சேர்."

மனிசன் யாழ்ப்பாணம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பாதை எப்பிடியம்மா வரும்? நீங்கள்தானே பாதையில வரவேணும்?"

அன்றைக்கே முடிவெடுத்தேன், கல்லடிக்கு மாறுவதென்று. முடிவெடுப்பதில் நான் கெட்டிக்காரி.

செப்டெம்பர் 12ஆம் திகதி, முச்சந்திக் கடையில் வெறும் பிஸ்கட் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். பெரிய பெட்டி. கல்முனையில் எடுத்த இரண்டு புதுப் பெட்ஷீட்டையும் ஒரு தலையணை உறையையும் மடித்து உள்ளே வைத்தேன். பிறகு மூடியில் மார்க்கர் பேனையால் 'படுக்கைச் சாமான் - கவனமாகக் கையாளவும்' என்று எழுதினேன். எழுத்துக் கோணியதால் பேப்பரில் திரும்ப எழுதி ஒட்டினேன். அதற்கு டேப் தேவைப்பட்டது. டேப்பின் நுனியைக் காணவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கண்டுபிடித்து இழுத்தால், அது நூல் மாதிரி ஒரு ஓரமாகக் கிழிந்து வந்து மறுபடியும் எங்கேயோ ஒளித்துக்கொண்டது. லேபல் ஒட்டி முடிய பின்னேரத் தேத்தண்ணி நேரமாகிவிட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை போதும்தானே. பெட்டியைப் பின் விறாந்தை மூலையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை புத்தக அலுமாரியில் கை வைத்தேன். ஓ.எல். காலத்து ஓட்டோகிராப் கொப்பி அகப்பட்டது. நிலத்தில் குந்தி முழுவதும் வாசித்தேன். 'என்னை மறக்காதே' என்று எழுதியிருந்த ஒருத்தியின் முகம் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பழைய வகுப்புப் படத்தைத் தேடி எடுத்து, அதில் அவளைத் தேடி, நாலு பேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டு, கடைசியில் அவளே எங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தராக இருப்பது தெரிய வந்தது. ஒரு சனிக்கிழமைக்கு இது நல்ல பலன்தான். புத்தகம் ஒன்றும் கட்டப்படவில்லை.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை நல்லதில்லை, புதன்கிழமை தலைமுழுக்கு, வியாழன் பாதை பிந்தியதால் களைப்பு. இடையில் நாலு நிறப் பேனையால் சாமான் பட்டியலும் போட்டேன். அது வடிவாக வந்தது.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தா என்று சொல்ல ஆசைதான். எங்கள் மண்டூர் முருகன் கோயிலில் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார்கள். அந்தக் கோயிலடியில் பிறந்து வளர்ந்தும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் மட்டும் ஒட்டவில்லை.

"என்ன புள்ள, இன்னும் கட்டல்லயா?"

"மறுகா பாப்பம் அம்மா."

"உன்ட மறுகா எப்ப வாறதுகா?"

செப்டெம்பர் 27, காலமை. பின் விறாந்தையிலிருந்து அம்மாவின் சத்தம். "புள்ள, சுறுக்கா இஞ்ச வா!"

போய்ப் பார்த்தால் என் பெட்டிக்குள் சிவப்புக் கோழி. இறகை எல்லாம் உப்பிக்கொண்டு, பெட்ஷீட்டின் நடுவில், தனக்கென்றே விரித்த மெத்தை மாதிரிப் படுத்திருக்கிறது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் தொண்டைக்குள் உறுமுகிறது. 'கவனமாகக் கையாளவும்' என்ற லேபல் அதன் தலைக்கு நேர் மேலே.

அம்மா பக்கவாட்டால் கையை விட்டுத் தடவி எண்ணினா. "ஒம்பது முட்டை." பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தா. "ஒரு நாளைக்கி ஒண்டுக்கு மேல போடாது. அப்ப எத்தின நாளா நீ இந்தப் பெட்டிய எட்டிப் பாக்கல்ல?"

பொலிஸ்காரனிடமிருந்துகூடத் தப்பலாம். முட்டை எண்ணுகிற அம்மாவிடமிருந்து தப்ப முடியாது.

ஆனால் பாருங்கள், கோழி எனக்குத்தான் உதவி செய்தது. அடைக்குப் படுத்த கோழியை இடம் மாற்றினால் விட்டுவிட்டு எழும்பிவிடும், முட்டை முழுக்கக் கூழாகிவிடும் என்று அம்மா. பொரிக்க 21 நாள். விரலை மடித்தேன், ஒக்டோபர் 18. என் வாழ்க்கையில் முதன்முதலாகத் தள்ளிப்போடுவதற்கு நியாயமான ஒரு காரணம், அதுவும் அம்மாவின் வாயாலேயே. அன்றைக்கு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

மேல்மாடிக் குழுவுக்கு வொயிஸ் போட்டேன். "கோழி அடைகாக்குது, 18ஆம் திகதிக்குப் பிறகுதான் வருவன்."

திருக்கோவில்காரி சிரித்தாள். வாழைச்சேனைக்காரி, வங்கியில் வேலை செய்கிறவள், எழுத்தில் பதில் போட்டாள்: "வாடகை 1ஆம் திகதியிலிருந்து. கோழியிடம் சொல்லவும்."

அந்த மூன்று கிழமையும் வீட்டில் கோழியின் ஆட்சிதான். அதற்குத் தவிடு, தண்ணி, விறாந்தையில் கதைக்கக் கூடாது, றேடியோ போடக் கூடாது. ஐப்பசி பிறக்கு முதலே பின்னேரங்களில் முழங்கத் தொடங்கியது. இடிச் சத்தத்துக்கு அடைமுட்டை கூழாகிவிடும், கீழே இரும்புத் துண்டு வைத்தால் பழுதாகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முதல் முழக்கம் கேட்டதும் அம்மா வீடெல்லாம் இரும்பு தேடித் திரிந்ததும், "ஒரு ஆணிகூட இல்லாத வீடு" என்று ஏசியதும் எனக்குக் கேட்டது. நான் போனில் கட்டில் விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

18ஆம் திகதி சொல்லி வைத்த மாதிரிக் குஞ்சு பொரித்தது. பெட்ஷீட்டின் கதையைக் கேட்காதீர்கள்.

அன்றிரவு 11 மணிக்குத்தான் சாமான் கட்டத் தொடங்கினேன். பெட்டி ஒன்றும் இல்லை. இருந்த ஒரே பெட்டியில் ஒரு குடும்பம் குடியிருந்தது. மாமா வயலுக்கு வைத்திருந்த வெறும் உரபேக் ஏழெட்டைத் தூக்கிவந்து போட்டார். சாரி, புத்தகம், சட்டி, சார்ஜர் எல்லாம் கலந்து திணித்துக் கயிற்றால் கட்டினோம். ஐந்து கிழமையாக முடியாத வேலை இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. நாலு நிறப் பட்டியலை இரண்டு கண்ணாடிக் கிளாஸுக்கு நடுவில் கசக்கி வைத்தேன், உடையாமலிருக்க.

விடிய மாமாவின் பட்டா லொறியில் வெள்ளாவெளி சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் போவதென்று வெளிக்கிட்டோம். பெரும்போக விதைப்புக் காலம். பின்னால் யூரியா என்று எழுதிய பேக் அடுக்கியிருக்கிறது. வெள்ளாவெளியில் ஒரு ஐயா மண்வெட்டியோடு நடுறோட்டில் நின்று மறித்தார்.

"தம்பி, உரம் வந்திட்டா? எங்க குடுக்காங்க?"

"உரமில்ல அண்ண. மருமகள்ட உடுப்பு."

அவர் நம்பவில்லை. பின்னால் போய் ஒரு பேக்கைக் குத்திப் பார்த்தார். கரண்டி சத்தம் கேட்டது. பெருமூச்சு விட்டுக்கொண்டு விலகினார். அதற்குப் பிறகு களுவாஞ்சிக்குடி வருமட்டும் இன்னும் இரண்டு பேர் மறித்தார்கள். கடைசி ஆள் பேசிய பேச்சைப் பார்த்தால் நாங்கள் உரத்தைப் பதுக்குகிறோம் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

கல்லடிக்குப் போய்ச் சேர 10 மணி. ஞாயிற்றுக்கிழமை. மற்ற இரண்டு பேரும் தங்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்கார அன்ரி கோயிலுக்கு. பேக் எட்டையும் மேல்மாடிப் படியில் ஏற்றி வைத்துவிட்டுக் கைப்பையில் திறப்பைத் தேடினேன். இல்லை. பையைப் படியில் கொட்டிப் பார்த்தேன். இல்லை. பிறகு ஒவ்வொரு உரபேக்காக அவிழ்த்தோம். கீழே றோட்டால் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார், என் சாரிகள் படி முழுக்கத் தொங்கின.

கடைசியில் அம்மாவுக்கு எடுத்தேன்.

"அம்மா, மேசையில வெச்ச திறப்பக் கண்டயா? பெரிய இரும்புத் திறப்பு?"

மறுமுனையில் குஞ்சுகள் கத்துகிற சத்தம்.

"அதா? அண்டைக்கி முழங்கக்குள்ள முட்டைக்குக் கீழ வெச்சன். இன்னும் பெட்டிக்குள்ளதான் கிடக்கு." அம்மாவின் குரலில் கொஞ்சமும் கவலையில்லை. "நல்ல திறப்புப் புள்ள. ஒம்பதும் பொரிச்சிட்டு."