பதினாலாயிரம் வெள்ளிக்குக் கீழே

ஜூன் 8, 2025, ஞாயிறு

தங்கை மகளும் அவளுக்கு நிச்சயமான பையனும் மதியம் வந்திருந்தார்கள். வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் என்னிடம்தான் காகிதங்கள் வரும். அவள் தாதி, அவர் ரயில் பராமரிப்பில் தொழில்நுட்பர். இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 13,400 வெள்ளி.

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவிடம் புது வீடு வாங்கக் குடும்ப வருமானம் 14,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. 2019 செப்டம்பரில் வைத்த வரம்பு. 1994 முதல் 2011 வரை இது 8,000 வெள்ளியாகவே இருந்தது. அந்தப் பதினேழு வருடத்தில் எத்தனை பேர் சம்பள உயர்வு வந்ததாலேயே வீட்டைத் தவறவிட்டிருப்பார்களோ.

“அடுத்த வருஷம் எனக்கு பதவி உயர்வு வந்தா என்ன பண்றது பெரியம்மா?” என்று கேட்டாள். அதற்குள் விண்ணப்பித்துவிடு என்றேன். வேறென்ன சொல்வது?

இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். முதல் வீடு வாங்குவோருக்கு 120,000 வெள்ளி வரை மசேநிதி (மத்திய சேம நிதி, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) மானியம் என்று செய்தியில் வருகிறதே, அதற்கு வரம்பு 9,000 வெள்ளி. 9,000க்கு மேல் 14,000 வரை உள்ளவர்கள் புது வீடு வாங்கலாம், சந்தையைவிடக் குறைந்த விலைதான், ஆனால் அந்த மானியம் கிடையாது. பந்தியில் இடம் உண்டு, பாயசம் இல்லை.

ஜூன் 11, புதன்

நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என்று தனியாக ஏதாவது செய்யவில்லையா என்று அந்தப் பையன் கேட்டிருந்தார். செய்தார்கள், பலமுறை. 1974இல் ஹெச்யுடிசி என்ற பெயரில் அரசாங்க வீடுகள் வந்தன. வீவக வரம்பைத் தாண்டிய சம்பளம், தனியார் வீட்டுக்கு எட்டாத சம்பளம், இந்த இடைவெளிக்காகவே. தாராளமான வீடுகள். 1987இல் கட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு 1995 முதல் பேட்டை பேட்டையாகத் தனியார் உடைமையாக மாற்றினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். ஃபேரர் கோர்ட் என்ற ஹெச்யுடிசி பேட்டை 2007இல் மொத்தமாக விற்கப்பட்டது. விலை 1.3 பில்லியன் வெள்ளிக்கு மேல். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் 2 மில்லியனுக்கு மேல் கிடைத்தது. அந்த இடத்தில் இப்போது டி’லீடன் என்ற தனியார் அடுக்குமாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. நடுத்தர வருமானக்காரர்களுக்காக ஒதுக்கிய நிலம் ஒரு தலைமுறைக்கு மட்டும் பயன்பட்டுத் தீர்ந்துபோனது. வாங்கியவர்கள் மேல் தப்பே சொல்ல முடியாது. விதி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

ஒரு வீட்டுத் திட்டம் யாரை உள்ளே விடுகிறது என்றுதான் எல்லாரும் பார்க்கிறோம். முதல் ஆள் விற்றுவிட்டுப் போகும்போது என்ன நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

இன்று எக்சிகியூட்டிவ் கொண்டோமினியம், அதாவது இசி. தனியார் கட்டும், ஆனால் வருமான வரம்புள்ள அடுக்குமாடி வீடு. வரம்பு 16,000 வெள்ளி. நீச்சல் குளம், காவலர், எல்லாம் உண்டு. பையனுக்குக் கொஞ்சம் ஆசை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

இசி வாங்க வீவக கடன் தராது, வங்கிக் கடன்தான். மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சரியாக 16,000 வெள்ளி வாங்குகிறவரை எடுத்துக்கொண்டால், தவணைக்கு 4,800. வங்கி தன் உண்மையான வட்டியை வைத்து இதைக் கணக்கிட முடியாது, குறைந்தது 4 விழுக்காடு என்று வைத்துத்தான் பார்க்க வேண்டும். முப்பது வருடக் கடன் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லியன் வரை கிடைக்கும், அவ்வளவுதான். வீட்டு விலை 1.4 மில்லியன் என்று வைத்துக்கொண்டால் மீதி 400,000 வெள்ளியை மசேநிதியிலிருந்தும் கையிலிருந்தும் போட வேண்டும். அதுவும் வரம்பின் உச்சியில் இருப்பவருக்கு! 13,400க்குக் கடன் இன்னும் குறையும்.

முப்பது வயதில் இருவருக்கும் சேர்த்து அவ்வளவு சேமிப்பு எங்கிருந்து வரும்? ஏற்கெனவே ஒரு வீவக வீட்டை விற்று லாபம் பார்த்தவர்களுக்குத்தான் சரிப்படும், இல்லையென்றால் அப்பா அம்மா கொடுக்க வேண்டும். சம்பளத்துக்கு வரம்பு வைத்தார்கள், சொத்துக்கு வைக்கவில்லை. பத்து வருடம் ஆனால் இசி முழுக்கத் தனியார் வீடு, வெளிநாட்டவரும் வாங்கலாம். மறுபடியும் அதே கதை.

பையன் ஆசையை விட்டுவிட்டார். சமூக மன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள நீச்சல் குளத்துக்கே போய்க்கொள்கிறேன் என்றார்.

ஜூன் 19, வியாழன்

சக ஊழியர் ஒருவர் வீட்டை விற்றார். கைக்கு வந்த ரொக்கத்தைப் பார்த்து அவருக்கு அதிர்ச்சி. வீட்டுக்கு எடுத்த மசேநிதிப் பணத்தை, அது சேர்த்திருக்கக்கூடிய வட்டியோடு திரும்ப மசேநிதியிலேயே போட வேண்டும் அல்லவா? 150,000 வெள்ளி எடுத்து இருபது வருடம் ஆகியிருந்தால், 2.5 விழுக்காட்டில் அது சுமார் 246,000 ஆகிவிடும். பணம் எங்கேயும் போகவில்லை, அவர் கணக்கில்தான் இருக்கிறது. ஆனாலும் மனிதர் இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை.

1964இல் சொந்த வீட்டுத் திட்டம் தொடங்கியபோது வாங்க வந்தவர்கள் குறைவு. 1968இல் மசேநிதியைத் தொட அனுமதித்த பிறகுதான் கூட்டம் வந்தது. கையில் காசில்லாத உழைப்பாளிக்கு வீடு கிடைத்ததே அந்த ஒரு முடிவால்தான். அதன் மறுபக்கம்தான் இந்த வட்டிக் கணக்கு.

ஜூலை 27, ஞாயிறு

ஜூலை மாத பிடிஓ விற்பனை, அதாவது விண்ணப்பம் வாங்கிக் குலுக்கிவிட்டுப் பிறகு கட்டித் தரும் வீவக வீடுகளின் விற்பனை, நடக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஒரே சண்டை. நல்ல சண்டை.

சென்ற ஆண்டு அக்டோபரிலிருந்து புது வீடுகள் மூன்று வகை: ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம். எம்ஆர்டி ரயில் நிலையம், கடைத்தொகுதி, நகர மையம் என்று இடம் நன்றாக இருந்தால் பிளஸ் அல்லது பிரைம். அவற்றுக்கு அரசாங்கம் கூடுதல் மானியம் தருகிறது, பதிலுக்குக் கட்டுப்பாடும் கூடுதல். ஐந்து வருடத்துக்குப் பதில் பத்து வருடம் குடியிருந்தால்தான் விற்கலாம். முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. விற்கும்போது விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 2021இல் நகர மையத்து ரோச்சோரில் இதே மாதிரி முதல் திட்டம் வந்தபோது அது 6 விழுக்காடு. மறுவிற்பனையில் வாங்குகிறவருக்கும் 14,000 வெள்ளி வரம்பு உண்டு.

இந்தக் கடைசி விதிதான் முக்கியம் என்பது என் கட்சி. இரண்டாவதாக வாங்குகிறவரும் நடுத்தர வருமானக்காரராகவே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். நகர மையத்தில் உள்ள பினக்கல் டக்ஸ்டன் வீவக வீடுகள் 2004இல் விற்பனைக்கு வந்தபோது இப்படி ஒரு விதி இல்லை. அங்கே பிறகு ஒரு மில்லியனுக்கு மேல் வீடுகள் கைமாறின. குலுக்கலில் பெயர் விழுந்தவருக்குப் பரிசு, அடுத்து வந்தவருக்கு விலை.

தங்கை மகள் விடவில்லை. “உங்க தலைமுறை வாங்கி, வித்து, லாபம் பார்த்து, பெரிய வீடு போயிட்டீங்க. எங்க முறை வரும்போது மட்டும் பத்து வருஷம் காத்திரு, பிடித்தம் கட்டுன்னா எப்படி பெரியம்மா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்து வருடம் முடியும்போது பிள்ளை தொடக்கப்பள்ளியில் இருக்கும், அப்போது எங்கே நகர்வது? இருந்தாலும், எங்கள் தலைமுறைக்குக் கிடைத்த லாபம் எங்கிருந்து வந்தது? இப்போது மறுவிற்பனைச் சந்தையில் இவளைப் போன்றவர்கள் கொடுக்கும் விலையிலிருந்துதான். அதை நிறுத்த வேண்டுமானால் எங்கோ ஒரு இடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும்.

ஜூலை 29, செவ்வாய்

பிளஸ் வகை நான்கறை வீட்டுக்கே விண்ணப்பித்துவிட்டார்கள். பிடித்தத்தைத் திட்டிக்கொண்டேதான்.

செப்டம்பர் 24, புதன்

குலுக்கல் முடிவு வந்தது. வரிசை எண், இருக்கும் வீடுகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அடுத்த குலுக்கலுக்குக் காத்திருந்தால் அதற்குப் பிறகும் கட்டி முடிக்கச் சில வருடங்கள். கல்யாணம் மார்ச்சில்.

மறுவிற்பனை பார்க்கலாம் என்கிறார்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை. 14,000க்குள் இருக்கும் முதல்முறைத் தம்பதிக்கு, மறுவிற்பனையில் நான்கறை வீடு வரை வாங்கினால் 80,000 வெள்ளி குடும்ப மானியம் உண்டு. பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் இன்னும் 20,000. தங்கை ஹவ்காங்கில் இருக்கிறாள். ஆக, ஜூனில் பாயசம் இல்லை என்று நான் சொன்னவர்களுக்கு, மறுவிற்பனைக்குப் போனால் 100,000 வெள்ளி. ஆனால் விலை சந்தை விலை. மானியத்தில் எவ்வளவு விற்பவர் பைக்குப் போய்விடுகிறது என்பது என் சந்தேகம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இரண்டு வீடு பார்த்தார்கள்.

ஹவ்காங் வீடு 590,000 வெள்ளி. பெரிய கூடம், காற்றோட்டம். 99 வருடக் குத்தகையில் 58 வருடம் மீதி. அவளுக்கு வயது 28. மிச்சக் குத்தகை, வாங்குகிறவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை நீடிக்க வேண்டும், இல்லையென்றால் மசேநிதியில் எடுக்கும் தொகையும் வீவக கடனும் குறையும். 28ஐயும் 58ஐயும் கூட்டினால் 86. போதாது. இருபது வருடம் கழித்து இவர்கள் விற்கும்போது 38 வருடம்தான் மீதி இருக்கும். அப்போது வாங்க வருகிற இளம் தம்பதிக்கு இன்னும் குறைவாகத்தான் கடன் கிடைக்கும். யார் வாங்குவார்கள்?

செங்காங் வீடு 620,000. 77 வருடம் மீதி. கூடம் சின்னது.

முகவர் இனவாரி ஒதுக்கீட்டையும் பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு இனத்தவரும் எவ்வளவு வீடுகள் வரை வாங்கலாம் என்று 1989இலிருந்து இருக்கும் விதி. இந்தியர், பிற இனத்தவருக்குப் புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்கத்தில் 12. நிறைந்துவிட்டால் இந்தியர் ஒருவர் அதே பிரிவைச் சேர்ந்தவரிடம்தான் வாங்க முடியும். செங்காங் புளோக்கில் இடம் இருக்கிறது. வாங்கும்போது சரி, நாளைக்கு விற்கும்போது சீனர் ஒதுக்கீடு நிறைந்திருந்தால் இவர்களுக்குக் கிடைக்கும் வாங்குநர்கள் குறைவு. விலையும் இறங்கும். 2022 முதல், விற்க முடியாமல் தவிக்கும் சில குடும்பங்களிடம் வீவகவே திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஒரே இனமாகப் பேட்டைகள் பிரிந்துபோகாமல் இருக்கும் நன்மையை நான் மறுக்க மாட்டேன். அதற்கான செலவு மட்டும் விற்கும்போது சிறுபான்மையினர் தலையில் வந்து விடிகிறது.

அக்டோபர் 4, சனி

செங்காங் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 620,000இல் வீவக கடன் 75 விழுக்காடு, 465,000. வட்டி 2.6, இருபத்தைந்து வருடம், மாதம் சுமார் 2,110 வெள்ளி. 30 விழுக்காடு வரம்பான 4,020க்கு ரொம்பவே கீழே. மீதி 155,000இல் மானியம் 100,000 போக 55,000ஐ இருவர் மசேநிதியும் தாங்கும். முத்திரை வரி தனி. மதிப்பீடு 620,000க்குக் குறைவாக வந்தால் வித்தியாசத்தை ரொக்கமாகத்தான் தர வேண்டும், அந்தப் பயம் ஒன்று பாக்கி.

அவள் இன்று விற்பவரிடம் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இந்த புளோக்கில் கடைசியாக விற்ற வீடு எத்தனை மாதம் சந்தையில் கிடந்தது என்று முகவரிடம் கேட்டாளாம். பையன் ஆச்சரியப்பட்டு எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை 605,000க்குக் கேட்டுப் பார்க்கப் போகிறார்கள். ஒத்துக்கொண்டால் ஆயிரம் வெள்ளி வரை கொடுத்து வாங்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதிலிருந்து முடிவெடுக்க 21 நாள்.