நீலப் பம்பும் ஊதா டிஸ்கும்

புகைமூட்டம் வந்தாலே பட்டர்வொர்த்தில் ஆஸ்துமா உள்ள எங்க மாமாவுக்கு நீலப் பம்புதான் (இன்ஹேலர்) கதி. அதிலுள்ள சால்பியூட்டமால் மருந்து சட்டுனு மூச்சைத் திறக்கும். ஆனா அதன் வேகம் நாலஞ்சு மணி நேரத்தில் அடங்கிடும். 1980களில் கிளாக்ஸோ மருந்து கம்பெனி விஞ்ஞானிகள் அந்த மூலக்கூறின் தலைப்பகுதியை வச்சுக்கிட்டு, கொழுப்பில் ஒட்டும் நீளமான வால் ஒன்றைச் சேர்த்தாங்க. அதுதான் சால்மீட்டரால். வால் செல் சவ்வில் பற்றிக்கொள்வதால் 12 மணி நேரம் தாங்கும். என்ன மூளை! நாள்பட்ட நுரையீரல் நோய்க்குத் தரும் டியோட்ரோபியம் 24 மணி நேரம் நிற்கும், அது வேற வழி: செல்லில் தான் ஒட்டும் இடமான ஏற்பியை விட்டு லேசில் விலகாது.

ஆனா ஆஸ்துமாவுக்கு சால்மீட்டராலைத் தனியா இழுக்கக்கூடாது. மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டும் கூட வேணும். ஊதா டிஸ்க்னு சொல்ற வட்ட இன்ஹேலரில் ரெண்டும் இருக்கு. மாமாவோ, "இழுத்தா ஒன்னும் தெரியலயே"ன்னு அதை டிவி மேல வச்சிருக்கார். மாமா, காலையும் ராத்திரியும் இழுங்க, வாயைக் கொப்பளிங்க லா!