எலக்ட்ரான் எண்ணிய நாட்கள்

ஆராய்ச்சிப் படிப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார்: "அஞ்சு வருஷமா அங்க என்னம்மா பண்ணினே?" "எலக்ட்ரான் எண்ணினேன்ப்பா" என்றேன். பொய்யில்லை.

ஆர்கான் அணுவிலிருந்து எட்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிட்டு, அந்த அயனியைத் தங்கத் தகட்டின் மேல் விட வேண்டும். தங்கத்திலிருந்து எத்தனை எலக்ட்ரான்கள் வெளியே வருகின்றன? அதுதான் கேள்வி. எட்டையும் பிடுங்க ஏறக்குறைய 578 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) செலவாகும். அந்த ஆற்றலைச் சுமந்துகொண்டுதான் அயனி வருகிறது. தங்கத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேற ஐந்து சொச்சம் எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆகவே வேகமாக மோதினால்தான் எலக்ட்ரான் தெறிக்கும் என்பதில்லை. மெதுவாக வந்தாலும் தெறிக்கும்.

தொடக்கூட வேண்டாம். ஒரு நானோமீட்டர் தூரத்திலேயே தங்கத்தின் எலக்ட்ரான்கள் அயனியின் வெளிக்கூடுகளுக்குத் தாவத் தொடங்கிவிடும். உள்ளே காலி, வெளியே கூட்டம். இப்படிப்பட்ட உள்ளீடற்ற அணுவின் தடயத்தை 1990-இல் பிரான்சின் பிரியாண்ட் குழு எக்ஸ் கதிர்களில் பார்த்தது. அயனியை எவ்வளவு மெதுவாக அனுப்பினாலும் அதன் பிம்ப மின்னூட்டம், அதாவது கண்ணாடிப் பிம்பம் போல உலோகத்தில் தோன்றும் எதிர் மின்னூட்டம், உள்ளிருந்து அதை இழுத்துவிடும். எங்கள் ஆர்கானுக்கு இந்த இழுப்பில் கிடைக்கும் ஆற்றல் கணக்குப்படி சுமார் 27 எலக்ட்ரான் வோல்ட். அதற்குக் கீழே போக வழியே இல்லை.

சரி, எண்ணுவது எப்படி? ஓர் அயனி கிளப்பும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வருவதால் ஒன்று, இரண்டு என்று பிரித்துப் பார்க்க முடியாது. வியன்னாவில் வின்டர், அவுமாயர் குழுவினர் வளர்த்த முறையைத்தான் நாங்களும் பிடித்துக்கொண்டோம். சிலிக்கான் டிடெக்டரை 25 கிலோவோல்ட்டில் வைத்தால் ஓர் எலக்ட்ரான் 25 அளவுக்குத் துடிப்பு தரும், ஆறு சேர்ந்து விழுந்தால் 150. திரையில் மலைத்தொடர் மாதிரி முகடுகள் எழும்பும். ஆனால் சில எலக்ட்ரான்கள் சிலிக்கானில் பட்டுத் திரும்பி ஓடிவிடும், பாதி ஆற்றலை மட்டும் கொடுத்துவிட்டு. அதனால் ஒவ்வொரு முகட்டுக்கும் இடப்பக்கம் ஓர் அசிங்கமான சரிவு. அந்தச் சரிவைக் கழிப்பதிலேயே என் இரண்டாவது வருடம் போனது.

மிச்சத்தை அழுக்கு தின்றது. ஒருநாள் இரவு கரண்ட் போய், சோதனைக் கலத்திலிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப் நின்றுவிட்டது. காலையில் அளந்தால் எண்ணிக்கை முந்தின நாளோடு ஒத்துவரவில்லை. தங்கத்தின் மேல் ஓர் அணு அடுக்கு அழுக்கு படிந்தாலே போதும், அளப்பது தங்கத்தை அல்ல. மறுபடி கலத்துக்கு அலுமினியத் தாள் சுற்றி இரண்டு நாள் சூடேற்றி, மில்லிபாரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வெற்றிடம் வரும்வரை காத்திருந்தேன். பொட்டலம் கட்டிய பெரிய பிரியாணி அண்டா மாதிரி இருக்கும் அந்தக் கலம்.

இதையெல்லாம் அப்பாவிடம் பாதிதான் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "தொடாமலே தாவுதா? இதுல என்ன அதிசயம்? 11 கேவி லைன்ல கிட்டப் போனாலே இழுக்குமே" என்றார். அது காற்று முறிந்து பாய்வது, இது வேறு. திருத்த வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அந்த 25 கேவி பெட்டிக்கு, மிச்ச கரண்டைத் தரையில இறக்க எர்த் ராடு வெச்சிருந்தீங்களா?"

"வெச்சிருந்தோம்ப்பா."

"கைப்பிடி நீளம் எவ்வளவு?"