தோலுறையில் வைத்த தோட்டாக்கள்

கம்பத்தில் வீடும் மலைக்கு அப்பால் கேரளத்தின் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டமும் வைத்திருப்பவர்களில், கைத்துப்பாக்கி உரிமம் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 மக்களவைத் தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த என் .32 பிஸ்டல், முடிவுகள் வந்தபின் ஜூனில் குறையின்றித் திரும்பக் கிடைத்தது. ஆனால் வீட்டு அலமாரியில் தோல் பட்டையில் செருகி வைத்திருந்த இருபது தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தோலைப் பதனிடும் பொருள்கள் பித்தளையை அரிக்கும் என்பதை நான் அன்றுவரை அறிந்திருக்கவில்லை.

அவை இன்னும் வெடிக்குமா என்று தோட்டத்துச் சரிவில் தண்ணீர்க் கேன்களை அடுக்கிச் சுட்டுப் பார்த்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். உரிமம் இருப்பதாலேயே கண்ட இடத்தில் சுட உரிமை வந்துவிடாது. மேலும் ஏலக்காய் பறிக்கும் பெண்கள் எந்தச் சரிவில் எப்போது நிற்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே கேரளப் பக்கத்தில் இருந்த ஒரு துப்பாக்கிச் சங்கத்தைத் தொலைபேசியில் கேட்டேன். "உரிமப் புத்தகத்தோடு வாருங்கள்" என்றார் அலுவலர்.

கட்டணம் கட்டத்தான் முதலில் போனேன். துப்பாக்கியை எடுத்துச் செல்லாதது என் நல்ல காலம். அலுவலர் புத்தகத்தைப் புரட்டி, உரிமம் செல்லும் எல்லை தமிழ்நாடு மட்டுமே என்பதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஒரு கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டிருந்தால் குமுளி மலைப்பாதையில் ஒரு நாள் வீணாகியிருக்காது என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லை நீட்டிப்பு கைக்கு வர ஐந்து மாதங்கள் ஆயின. நீங்கள் புறப்படும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சோதனை நாளில், ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பயிற்சியாளர் முதலில் தோட்டாக்களைத் துணியால் துடைத்து, கூட்டில் குழி விழுந்திருந்த ஏழு தோட்டாக்களை ஒதுக்கினார். மீதி பதின்மூன்றில் நான்கு ஒழுங்காக வெடித்தன. ஐந்தாவதில் 'க்ளிக்' என்ற ஓசை மட்டுமே எழுந்தது. தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் குழலை இலக்கை நோக்கியே முப்பது விநாடிகள் பிடித்திருந்து, பிறகு வெளியே எடுத்தோம். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில், துப்பாக்கி ஊசியின் பள்ளம் ஆழமாகப் பதிந்திருந்தது. ஆகவே குற்றம் துப்பாக்கியினுடையது அன்று, தோட்டாவினுடையது.

அடுத்து, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினே சிக்கிக்கொண்டது. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1899-இல் வெளிவந்த இந்த .32 தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடச் சற்றே அகன்றது. நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் அது முன்னே நகராது. நான் அவசரமாக நிரப்பியதால் வந்த கோளாறு அது.

ஒன்பதாவது தோட்டாவை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதிலாக 'டுப்' என்று ஒரு மந்தமான ஓசை கேட்டது, ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னே நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பின்வாங்கவில்லை. சிக்கல்தான் என்று நினைத்து ஸ்லைடை இழுக்கப் போன என் மணிக்கட்டைப் பயிற்சியாளர் இறுகப் பிடித்து, "சாரே, வேண்டா!" என்று கத்தினார். மேகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில் எதுவும் இல்லை என்று உறுதி செய்து, துப்பாக்கியைப் பிரித்துக் குழலை வெளிச்சத்தில் பிடித்தபோது அதன் வழியே ஒளி தெரியவில்லை. மருந்து சரியாக எரியாமல் குண்டு நடுக்குழலில் நின்றுவிட்டது. அடுத்த தோட்டாவை அதன் பின்னால் சுட்டிருந்தால் குழல் என் முகத்துக்கு முன்னேயே வெடித்திருக்கக்கூடும். வழக்கத்துக்கு மாறாக மெல்லிய சத்தம் கேட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

அன்றைய சோதனை அத்துடன் முடிந்தது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் பித்தளைக் கம்பியால் தட்டிக் குண்டை வெளியேற்றினார். குழலில் வீக்கம் இல்லை. சுடாத தோட்டாக்களையும் ஒதுக்கியவற்றையும் எழுத்துமூலம் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். எத்தனை சுட்டேன் என்று சங்கத்தில் கேட்டு வாங்கிய சீட்டையும் வெற்றுக் கூடுகளையும் பத்திரமாக வைத்திருந்ததால், புதிய தோட்டா வாங்கும்போது கடைக்காரரின் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்ல முடிந்தது.

புதியவற்றில் பத்தைச் சுட்டேன்; பத்தும் ஒழுங்காக வெடித்தன. மீதியை மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் மூடியில் எழுதி வைத்திருக்கிறேன். தோல் பட்டை இப்போது காலியாகத் தொங்குகிறது.