படத்துக்குத் தனிக் காசு

விளம்பரத்தில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் டிவியையும் மும்பை ஏஜென்சிகளையும்தான் திட்டுகிறார்கள். திட்டட்டும். ஆனால் சேலத்தில் தெருவுக்கு வந்தால் கண்ணில் படும் போர்டுகளில் பல, மெய்யனூரிலும் ஐந்து ரோட்டிலும் இருக்கும் சின்னக் கடைகளில் டீ ஆறுவதற்குள் செய்து முடிக்கப்பட்டவை. அப்படி ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் நான் டிசைனர். படிப்பு முடிந்த கையோடு வந்து உட்கார்ந்த நாற்காலியில்தான் இன்னும் இருக்கிறேன். பக்கத்து சிஸ்டத்தில் ஒரு தம்பி, உள்ளே மெஷினில் ஒருவர், கல்லாவில் ஓனர் அண்ணன். அவ்வளவுதான் எங்கள் ஏஜென்சி.

மே, ஜூனில் காலேஜ் அட்மிஷன். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாழ்த்தும் தள்ளுபடியும். பிறகு தீபாவளி, தை மாதக் கல்யாணப் பட்டு. நடுவே வருடம் முழுக்க போர்வெல் மோட்டார், டைல்ஸ், ஜிம், குழந்தையின்மை சிகிச்சை மையம். எந்த வேலையாக இருந்தாலும் வருகிறவர் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்: "போன வருசம் போட்டதையே தேதி மட்டும் மாத்திக் குடுத்துருங்க." அந்தப் பழைய ஃபைலில் ஒரு பெண் இருப்பாள். யார் அவளை அங்கே வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

மோட்டார் போர்டை எடுத்துக்கொள்வோம். இடது பக்கம் கம்பெனி பெயர், எத்தனை எச்பி, எத்தனை ஸ்டேஜ், டீலரின் செல் நம்பர். வலது ஓரத்தில், மோட்டாரை விட இரண்டு மடங்கு உயரத்தில், நனைந்த சேலையில் ஒரு பெண். பம்புசெட் தண்ணீரில் நின்று சிரிப்பாள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், டீலர்கள் என்னிடம் எழுத்து விஷயங்களை மட்டும் சொல்லிவிட்டு, "படம் மேட்டரைத் தம்பிகிட்ட சொல்லிக்கிறேம்மா" என்று நகர்ந்துவிடுவார்கள். அங்கே குரல் இறங்கும். "கொஞ்சம் பளிச்னு, பார்த்தா நிக்கிற மாதிரி போடு தம்பி." என் காதுக்குக் கேட்கக் கூடாது என்கிற மரியாதை. அந்தப் படத்தை ஓமலூர் ரோட்டில் பத்துக்கு எட்டு அடியில் தொங்கவிடும்போது என்னைப் போல எத்தனையோ பேர் அதன் அடியில் பஸ்ஸுக்கு நிற்பார்கள் என்பது அந்த மரியாதைக்கு எட்டாது.

கொஞ்ச நாள் போனபின் நேரடியாகவே கேட்டுவிட்டேன். "அண்ணா, இந்தப் பொண்ணு எதுக்குங்க?" ஒருவர் உண்மையிலேயே யோசித்தார். "தண்ணி வருதுன்னு காட்டணும்லம்மா." தண்ணீரைக் காட்ட ஒரு குழாய் போதாதா என்றால், "எல்லாரும் போடுறாங்களே" என்றார். அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. வக்கிரம் என்று சொல்லவும் முடியாது. வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை, வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

மோட்டார் வாங்குகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஓமலூர் பக்கம் எங்கள் பெரியம்மா வீட்டில் தோட்டம் இருக்கிறது. எத்தனை அடி ஆழத்துக்கு இழுக்கும், வைண்டிங் காப்பரா, வோல்டேஜ் குறைந்தால் தாங்குமா, ரிப்பேர் ஆனால் ஆள் வருவார்களா. இதைத்தான் கேட்பார்கள். மும்முனை கரண்ட் வரும் நேரம் பார்த்து, ராத்திரியானாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஸ்டார்ட்டரைத் தட்டுவது பெரியம்மாதான். மோட்டார் போர்டில் ஒரு பெண்ணைப் போட்டே ஆக வேண்டும் என்றால் அவரைப் போடலாம். ஆனால் டார்ச்சும் காலில் ரப்பர் செருப்புமாக இருப்பவரை எந்த டீலர் ஒப்புக்கொள்வார்?

எங்கள் கடைக்கு வெளியிலிருந்து வந்து ஃபிரேம் அடித்துத் தரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முன்பு சுவர் விளம்பரம் எழுதியவர். அவர் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் மிச்சமாக நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ, அதன் படங்களுக்கு வேலை செய்த தலைமுறை. இந்த மோட்டார் பொண்ணைப் பற்றி அவரிடம் புலம்பியபோது சிரித்தார். "நாங்க எழுதுன காலத்துல மோட்டார் விளம்பரத்துல ஏதும்மா பொம்பளை? சுவத்துல எழுத்துக்கு ஒரு ரேட்டு, உருவம் வரையணும்னா தனி ரேட்டு. மூஞ்சி ஒண்ணு வரைய அரை நாள் போயிரும். கடைக்காரன் எதுக்குத் தருவான்? பேரை எழுது, மோட்டாரை வரைன்னு போயிருவான்."

இது எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. ஃப்ளெக்ஸில் சதுர அடிக்குத்தான் காசு. அந்த அடிக்குள் எழுத்து இருந்தாலும் சரி, வெற்று வண்ணம் இருந்தாலும் சரி, நடிகை படம் இருந்தாலும் சரி, ஒரே ரேட்டு. கூகுளில் தேடினால் படம் இறங்கிவிடும். கையால் வரைந்தபோது காசு கேட்ட உருவம், கம்ப்யூட்டர் வந்ததும் ஓசிக்குக் கிடைத்தது. காலி இடம் என்றால் கடைக்காரருக்கு நஷ்டம் மாதிரி தெரியும். அந்த இடத்தில்தான் அவள் வந்து நின்றாள்.

கொலுசு வேலை வேறு விதம். அங்கே உடம்பு இல்லாமல் பொருளைக் காட்டுவது கஷ்டம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்லாக் கேட்டிருந்தார். மாடலுக்குச் செலவு செய்ய வேண்டாம், பட்டறையில் வேலை செய்யும் ஒரு அக்காவின் காலிலேயே மாட்டிப் படம் எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கொலுசின் இணைப்புகளைப் பற்ற வைத்து ஒட்டும் அக்கா அவர். நாளெல்லாம் கொலுசோடு இருப்பவர், அன்று வெள்ளியே போட்டிருக்கவில்லை. தயங்கித் தயங்கிக் காலை நீட்டினார். படம் நன்றாக வந்தது.

சிஸ்டத்தில் பார்த்த வியாபாரி முகம் சுருங்கியது. "காலு கறுப்பா இருக்கேம்மா. வெள்ளையாக்கிரு." சரி என்று பாதத்தை மட்டும் தனியாக வெட்டி, லேயர் போட்டு, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கர்வ்ஸை ஏற்றினேன். குதிகால் வெடிப்பை அழித்தேன். நகத்தின் ஓரத்தில் இருந்த கறையை எடுத்தேன். தோல் வெளுக்க வெளுக்க வெள்ளி மங்கியது. முழுக்க வெளுத்த காலில் கொலுசு இருப்பதே தெரியவில்லை. சலங்கை முத்துகள் தோலோடு கரைந்துவிட்டன. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "அண்ணா, நீங்க விக்கிறது காலையா, கொலுசையா?" கொஞ்ச நேரம் பார்த்தார். கறுத்த காலில் வெள்ளி எடுப்பாகத் தெரிவதை அவரும் மறுக்கவில்லை. ஆனால், "வடநாட்டுப் பார்ட்டிங்க கலரைத்தான் பார்ப்பாங்கம்மா" என்றார். கடைசியில் இரண்டு கேட்லாக் அடித்தோம். ஊருக்குள் இருக்கும் கடைகளுக்கு அக்காவின் கால், வெளியூருக்கு எங்கோ வாங்கிய ஒரு வெள்ளைக் கால்.

1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020 ஜூலையில் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பத்திரிகைகள் பெரிதாக எழுதின. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் "வெள்ளையாக்கு" என்பதற்குப் பதில் "ப்ரைட் பண்ணு" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கர்வ்ஸ் அதே அளவுதான் ஏறுகிறது.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. முதல் முறை தண்டனை என்றால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அப்புறம் விளம்பரத் துறை தானே வைத்துக்கொண்ட கவுன்சில், 1985-ல் தொடங்கிய ஏஎஸ்சிஐ. அது 2022 ஜூனில் பாலினப் பாகுபாடு பற்றி விதிகளை வெளியிட்டது. நான் அதைப் படித்தபோது, எழுதியவர்கள் எங்கள் கடை பழைய ஃபைல்களைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்றிருந்தது. பொருளுக்குச் சம்பந்தமே இல்லாமல் உடலைக் கவர்ச்சிக்காகக் காட்டக் கூடாது என்கிறது. எங்கள் மோட்டார் பொண்ணு அதிலேயே அடிபட்டுப் போவாள். பெண் வீட்டைச் சுத்தம் செய்வதைக் காட்டலாம், ஆனால் அது பெண்ணுக்கே உரிய வேலை என்று சொல்லக் கூடாது என்கிறது. ஆணுக்கு டயப்பர் மாற்ற வராது, பெண்ணுக்குக் கார் நிறுத்தத் தெரியாது என்று கிண்டல் செய்வதையும் சேர்த்திருக்கிறார்கள். அதே மாதம்தான் ஒரு பாடி ஸ்பிரே விளம்பரம் கூட்டு வன்புணர்ச்சியை விளையாட்டாக்குகிறது என்று நாடு முழுக்கக் கொதித்து, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதை யூடியூபிலிருந்தும் ட்விட்டரிலிருந்தும் நீக்கச் சொன்னது. டிவியில் வந்தால் இப்படி யாராவது கேட்பார்கள். கொண்டலாம்பட்டி மேம்பாலத்துக்குக் கீழே தொங்குகிற ஃப்ளெக்ஸுக்கு யார் புகார் எழுதுவார்கள்? மழையும் வெயிலும்தான் அதைக் கழற்ற வேண்டும்.

ஆனால் இவ்வளவு நாள் வேலையில் எனக்குக் கவர்ச்சிப் படங்களை விட அதிகம் உறுத்துவது, "நாங்க குடும்பக் கடைங்க, அசிங்கமா எதுவும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் போர்டுகள்தான்.

ஒரு நர்சிங் காலேஜ் ஆள் நோட்டீஸுக்கு மாணவர்கள் படத்தைப் பென் டிரைவில் கொடுத்தார். பின் வரிசையில் பையன்கள் நிற்கிறார்கள். "அவங்களை வெட்டிருங்க மேடம், நர்சிங்னா பொண்ணுங்கதானே." ஃபீஸ் கட்டிப் படிக்கும் பையன்களை நான்கு கிளிக்கில் காலேஜை விட்டு அனுப்பியாயிற்று. அதே குழுமத்தின் இன்ஜினியரிங் நோட்டீஸில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிறாள். நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்த ஹெல்மெட்டை மாட்டினால் நம்ப மாட்டார்களாம்.

குழந்தையின்மை மையங்களின் போர்டு இன்னும் மோசம். நீலக் கண் வெளிநாட்டுக் குழந்தை ஒன்று, வயிற்றைத் தடவிக்கொண்டு தனியாக ஒரு பெண். புருஷன் என்ற ஆளே அந்தப் போர்டில் கிடையாது. குறை ஆணிடமும் இருக்கலாம், இரண்டு பேரையும்தான் பரிசோதிக்க வேண்டும் என்பது அந்த டாக்டர்களுக்குத் தெரியாததா? ஒரே ஒரு டாக்டரம்மா மட்டும், "ரெண்டு பேரும் சேர்ந்து உக்கார்ந்திருக்கிற மாதிரி போடுங்க, கணவருக்கும் பரிசோதனைன்னு தனி வரி வரணும்" என்று கறாராகச் சொன்னார். எங்களிடம் இருந்த படங்களில் அப்படி ஒரு ஜோடியைத் தேடி எடுக்க அரை நாள் பிடித்தது. கல்யாண ஜோடி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கவலையாக உட்கார்ந்திருக்கும் ஜோடி கிடைப்பதில்லை.

மிக்ஸி, கிரைண்டர் விற்கும் கடை ஒன்றுக்கு மே மாதம் அன்னையர் தின ஆஃபர் போடுவோம். "அம்மாவின் சுமையைக் குறைப்போம்" என்பது வழக்கமான வாசகம். அந்தக் கடையில் கல்லாவில் இருப்பது ஓனரின் மனைவி. கொள்முதல், தவணை, சீட்டு எல்லாம் அவர் விரல் நுனியில். அவரிடம் ஒரு முறை, ஆண் மாவு ஆட்டுவது போலப் போடலாமா என்றேன். "சிரிப்பாங்க கண்ணு" என்றார். அவர் கடையில் பெரிய கிரைண்டரை வாங்கிப் போவது டிபன் கடைக்காரர்களும் மாஸ்டர்களும்தான். அத்தனை பேரும் ஆண்கள். சம்பளம் கிடைத்தால் மாவு ஆட்டுவது ஆண் வேலை என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார். அவர் சொல்வதும் பொய்யில்லை; ஊர் சிரிக்கத்தான் செய்யும்.

இதற்கு நடுவே எங்கள் கடையில் ஒரு மாற்றம் வந்தது. கொள்கை எல்லாம் இல்லை. நடிகை படத்தை அனுமதி இல்லாமல் போட்டதற்காக வேறு ஊர்க் கடை ஒன்றுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததாகக் கேள்விப்பட்டு எங்கள் ஓனர் அண்ணன் பயந்துபோனார். இனி கூகுள் படம் கிடையாது, காசு கொடுத்து உரிமம் வாங்கிய படம்தான், அந்தக் காசைக் கஸ்டமர் தனியாகத் தர வேண்டும் என்று கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டிவிட்டார். ஃபிரேம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "எங்க ரேட்டு திரும்பி வந்துருச்சு" என்றார்.

மோட்டார்காரர்கள் ஒரே வாரத்தில் மாறிவிட்டார்கள். "பொண்ணு படத்துக்கு எக்ஸ்ட்ராவா? அப்போ வேண்டாம்மா, மோட்டாரையே பெருசாப் போட்டுரு." பேரம்கூடப் பேசவில்லை. ஜிம்காரர்கள், டைல்ஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். இத்தனை வருடம் சுவரெல்லாம் நனைந்துகொண்டு நின்றவள் சில நூறு ரூபாய்க்குக்கூடப் பெறவில்லை. இப்போது சிலர் ஏஐ-யில் செய்த படத்தோடு வருகிறார்கள். சென்ற மாதம் ஒருவர் கொண்டுவந்த பெண்ணுக்கு மோட்டாரைப் பிடித்திருந்த கையில் ஆறு விரல். அதற்கும் செட்டிங் சார்ஜ் உண்டு என்றதும் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கிரைண்டர் கடை அம்மா மட்டும் படத்துக்கான காசைக் கேள்வி கேட்காமல் எடுத்து வைத்தார். நான் காட்டிய படங்களில் சமையலறையில் நிற்கும் ஒரு அம்மாவைத் தேர்ந்தெடுத்தார். "முகத்துல களைப்புத் தெரியுது, கொஞ்சம் சிரிக்க வை கண்ணு. தலையில மல்லிப்பூ வெச்சுரு, அதுக்கு வேணா இன்னொரு நூறு ரூபா சேர்த்துக்கோ" என்றார். பூ வைக்கப் பத்து நிமிடம் ஆனது. நூறு ரூபாயைப் பில்லில் தனி வரியாகப் போட்டேன்.